அரசாங்கத்தின் மீது வழக்கு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கம் மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அரசின் மீது யார் வழக்குப் போடலாம், எங்கே போடலாம், போட்டால் கோர்ட் என்ன தரும்? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். நம் பக்கம் நியாயம் இருந்தும் பல வழக்குகள் தோற்பதற்குக் காரணம், தப்பான இடத்துக்குப் போவதும், தப்பான பரிகாரத்தை, அதாவது கோர்ட் தர முடியாத நிவாரணத்தைக் கேட்பதும்தான். அதனால் அந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் காகிதங்களைப் படித்துப் பார்த்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது.

அண்ணா, கவர்மெண்ட் மேலயே கேஸ் போட முடியுமா? போட்டா ரேஷன், முதியோர் பென்ஷன் எல்லாம் நிறுத்திடுவாங்களா?

போடலாம். அரசின் மீது வழக்குத் தொடுக்கலாம் என்பதை அரசியலமைப்பின் 300-ஆவது பிரிவே சொல்கிறது. மாநில அரசு என்றால் 'தமிழ்நாடு அரசு' என்றும், மத்திய அரசு என்றால் 'இந்திய ஒன்றியம்' என்றும் வழக்கில் பெயர் வரும். அரசு அமைப்புக்கு நேராக உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்பதுதான் ரிட் மனு; அதைப் போடும் வழி 226-ஆவது பிரிவில் இருக்கிறது. அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால் 32-ஆவது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். ஆனால் நடைமுறையில் முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். நமக்கு அது பாரிமுனையில், பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது.

வழக்குப் போட்டதற்காக ரேஷனையோ பென்ஷனையோ நிறுத்த எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. யாராவது அப்படி மிரட்டினால் தேதி, நேரம், சொன்னவரின் பதவி மூன்றையும் எழுதி வையுங்கள். அதையும் கோர்ட்டில் சொல்லலாம்.

ஹார்பர், சிபிசிஎல், மெட்ரோ வாட்டர், மாநகரப் பஸ்... இதெல்லாம் கவர்மெண்ட் கணக்குல வருமா? தனியார் கம்பெனி மேல ரிட் போடலாமா?

அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவில் 'அரசு' என்ற சொல்லுக்குள் தலைமைச் செயலகம் மட்டும் இல்லை. உள்ளாட்சிகளும், அரசின் பணத்திலும் கட்டுப்பாட்டிலும் நடக்கிற அமைப்புகளும் வருகின்றன. ஒரு நிறுவனம் அப்படிப்பட்டதா என்று பார்ப்பதற்கான அளவுகோல்களை உச்ச நீதிமன்றம் 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் தொகுத்துச் சொன்னது. ஆகவே மாநகராட்சி, குடிநீர் வாரியம், மாநகரப் போக்குவரத்துக் கழகம், மின் பகிர்மானக் கழகம், சென்னைத் துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை (சிபிசிஎல்) மாதிரியான பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றின் மீதும் ரிட் போடலாம்.

தனியார் ஆலை மீது பொதுவாக ரிட் நிற்காது. அங்கே எதிர்மனுதாரராக நிறுத்த வேண்டியது, அந்த ஆலையைக் கண்காணிக்கக் கடமைப்பட்ட அதிகாரியை: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாவட்ட ஆட்சியர், தொழிற்சாலைகள் துறை. 'உங்கள் கடமையைச் செய்யுங்கள்' என்று கோர்ட் அவர்களுக்கு உத்தரவிட முடியும். ஆலையையும் ஒரு தரப்பாகச் சேர்த்துவிட வேண்டும். அதன் தரப்பைக் கேட்காமல் அதற்கு எதிராக உத்தரவு வாங்க முடியாது.

'உனக்கு கேஸ் போட ரைட்டே இல்ல'ன்னு ஒருத்தர் சொல்றார். அப்படின்னா என்னங்க?

வழக்குத் தொடுக்கும் தகுதியைத்தான் அவர் சொல்கிறார். அரசு தரப்பு முதலில் தட்டிப் பார்ப்பதும் இதைத்தான். அரசு தவறு செய்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்தத் தவறு உங்களை எப்படித் தொட்டது என்றும் காட்ட வேண்டும். உங்கள் வீடு, தொழில், உடம்பு, பிள்ளையின் படிப்பு, சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய ஒரு உதவி, இவற்றில் ஏதோ ஒன்று பாதிக்கப்பட்டிருந்தால் தகுதி இருக்கிறது.

இதை நம் ஆட்கள் மனுவில் எழுதுவதே இல்லை. 'கொருக்குப்பேட்டையில் கால்வாய் தூர்வாரப்படவில்லை' என்று மட்டும் எழுதுவார்கள். 'நான் இந்தத் தெருவில் இந்த எண்ணுள்ள வீட்டில் குடியிருக்கிறேன், போன மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது, தையல் மெஷின் வீணாகிவிட்டது, போட்டோ இணைத்திருக்கிறேன்' என்று எழுதினால், அதே விஷயத்துக்கு ஒரு மனுதாரர் கிடைத்துவிடுகிறார். மனுவோடு சத்தியம் செய்து தருகிற பிரமாணப் பத்திரத்தின் முதல் இரண்டு பத்தி இதற்கே போகட்டும். ஆதார் நகல், வாடகை ரசீது, மின் கட்டண அட்டை, மீனவர் அடையாள அட்டை என்று அந்த இடத்தோடும் தொழிலோடும் உங்களைக் கட்டிப் போடுகிற எந்தக் காகிதமும் உதவும்.

சில வழக்குகளில் இந்தக் கட்டுப்பாடு தளரும். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால், அவரைக் கோர்ட் முன் கொண்டுவரக் கேட்டு உறவினரோ நண்பரோ ஆட்கொணர்வு மனு போடலாம். தகுதியில்லாதவர் ஒரு அரசுப் பதவியில் உட்கார்ந்திருந்தால், சொந்தப் பாதிப்பு இல்லாதவரும் 'இவர் எந்த அதிகாரத்தில் இருக்கிறார்' என்று கேட்கலாம். மூன்றாவது வகை பொதுநல வழக்கு.

நான் நேரடியா பாதிக்கப்படல. ஆனா குடிசையில இருக்கிறவங்களுக்காகக் கேட்கணும்னு நினைக்கிறேன். பொதுநல வழக்கு யார் வேணா போடலாமாமே?

வறுமையாலோ இயலாமையாலோ நீதிமன்றத்தை அணுக முடியாதவர்களுக்காக, நல்லெண்ணத்தோடு வருகிற யாரும் கேட்கலாம் என்று 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தகுதி விதியை விரிவாக்கியது. அதற்கு முன் 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வெளியில் இருந்த ஒரு வழக்கறிஞர் கேட்டார். அவர்களில் பலர் வெளியே வந்தார்கள்.

ஆனால் 'யார் வேணா' என்பதற்கு எல்லை உண்டு. பொய்யான பொதுநல வழக்குகள் பெருகியதால், இதற்கென விதிகள் வகுக்கும்படி 2010-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களுக்குச் சொன்னது. சொந்த லாபமோ பகையோ இல்லை என்று நீங்கள் உறுதிமொழி தர வேண்டும். மறைத்தால் வழக்குச் செலவைக் கட்டச் சொல்வார்கள். அரசு ஊழியரின் பதவி உயர்வு, இடமாற்றம் போன்ற பணி விவகாரங்களுக்குப் பொதுநல வழக்கு கிடையாது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் ஒருவர் முன்வரத் தயாராக இருந்தால், அவர் பெயரில் சாதாரண ரிட் போடுவதே நல்லது. தகுதி பற்றிய கேள்வியே எழாது. பாதிப்பு என்ன என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. தவிர, பொதுநல வழக்கில் வருகிற உத்தரவு ஒரு பகுதி மக்கள் எல்லோரையும் பாதிக்கும். அரைகுறையாகத் தயாரித்த வழக்கு தள்ளுபடியானால், பின்னால் நன்றாகத் தயாரித்து வருகிறவருக்கும் அது முட்டுக்கட்டை ஆகும்.

எங்க நலச்சங்கம் பேர்ல போடலாமா? எங்க குப்பத்துல ஊர்ப் பஞ்சாயத்து இருக்கு, அவங்க பேர்ல?

1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால் போடலாம். வழக்குத் தொடுக்கவும் இன்னார் கையெழுத்துப் போடவும் ஒப்புதல் தந்து நிறைவேற்றிய தீர்மானம் வேண்டும். பதிவு காலாவதியாகிக் கிடக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இந்தச் சின்ன விஷயத்தில் நிறைய சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன.

ஊர்ப் பஞ்சாயத்து பதிவான அமைப்பு இல்லை என்பதால் அதன் பெயரில் போடுவது சரிவராது. ஊர் கூடி முடிவெடுக்கலாம், செலவைப் பங்கிடலாம். மனுதாரராக மூன்று நான்கு தனிநபர்கள் இருக்கட்டும். சங்கம் போடும்போதும் பாதிக்கப்பட்ட இரண்டு பேரைக் கூடவே சேர்க்கச் சொல்வேன். சிவில் வழக்கு என்றால், கோர்ட் அனுமதி வாங்கிச் சிலர் எல்லோருக்குமாக வழக்கு நடத்தும் முறையும் உண்டு.

ரிட்டு, சிவில் கேஸ், ட்ரிப்யூனல்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் எங்க போறது?

முதலில் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: 'கோர்ட் எனக்கு இதைச் செய்து தர வேண்டும்'. அந்த வாக்கியம்தான் எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கும். அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால், செய்ய வைக்கக் கேட்பது செயலுறுத்தும் பேராணை. அதிகாரி போட்ட உத்தரவு தப்பு என்றால், அதை ரத்து செய்யக் கேட்பது இன்னொரு பேராணை. இரண்டும் உயர் நீதிமன்றத்தில். உத்தரவு ஒன்று கையில் இருக்கும்போது அதை ரத்து செய்யக் கேட்காமல் 'செய்யச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டு மனு தோற்பது அடிக்கடி நடக்கிறது.

உண்மை எது என்பதே சண்டையாக இருந்தால் ரிட் உதவாது. நிலம் யாருடையது, எல்லை எங்கே, விபத்து யார் தப்பால் நடந்தது என்பதற்கெல்லாம் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அது சிவில் நீதிமன்றத்து வேலை. ரிட் பெரும்பாலும் காகிதத்தை வைத்தே முடிவாகிற வழக்கு.

மூன்றாவதாக, அந்தத் துறைச் சட்டத்திலேயே மேல்முறையீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'முதலில் அங்கே போ' என்று உயர் நீதிமன்றம் சொல்லலாம். இதற்கு விலக்குகள் உண்டு. அடிப்படை உரிமை மீறல், நம் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்தது, அதிகாரமே இல்லாதவர் உத்தரவு போட்டது, சட்டமே செல்லாது என்கிற வாதம் ஆகிய நான்கையும் 1998-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சுற்றுச்சூழல், ரயில் விபத்து மாதிரி விஷயங்களுக்குத் தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. அவை கீழே வருகின்றன.

நேரா கோர்ட்டுக்குப் போயிடலாமா, இல்ல ஆபீஸ் ஆபீஸா மனு கொடுத்துட்டுத்தான் போகணுமா?

ஒரு மனுவாவது கொடுத்திருக்க வேண்டும். 'கேட்டேன், மறுத்தார்கள்' அல்லது 'கேட்டேன், பதிலே இல்லை' என்று காட்டினால்தான் செயலுறுத்தும் பேராணை கிடைக்கும். நாளை காலை இடிக்க வருகிறார்கள் என்கிற மாதிரி அவசரத்துக்கு இது பொருந்தாது.

மண்டல அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வருவது, வார்டு ஆளிடம் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதெல்லாம் மனு ஆகாது. மாநகராட்சியின் 1913-க்குப் புகார் செய்தால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ஒப்புகை ரசீது வாங்காமல் நகராதீர்கள். எல்லாவற்றையும் விட ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புவது நல்லது. யாருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதோ அவருக்கே அனுப்புங்கள். பத்து பேருக்கு நகல் போட்ட மனுவை ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

எந்த அதிகாரி, எந்த உத்தரவு என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

கோர்ட்ல 'மனுவைப் பரிசீலிங்க'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. நாங்க ஜெயிச்சோமா தோத்தோமா?

இரண்டும் இல்லை. அதிகாரி இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும்தான் கோர்ட் சொல்லியிருக்கிறது. உங்கள் கோரிக்கை சரி என்று அது சொல்லவில்லை. அவர் 'முடியாது' என்று எழுதிக் கொடுத்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகத்தான் ஆகும்.

ஆனாலும் இதில் பலன் உண்டு. இதுவரை வாயால் சொன்ன மறுப்பு இப்போது காரணத்தோடு கையெழுத்தாகி வருகிறது. அந்தக் காரணத்தை எதிர்த்து, அதை ரத்து செய்யக் கேட்டு அடுத்த ரிட் போடலாம். முதல் மனுவிலேயே 'எங்களை நேரில் கேட்டு, காரணங்களை எழுதி உத்தரவிட வேண்டும்' என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: பத்து இருபது வருடம் சும்மா இருந்த விவகாரத்தைப் புதிதாக ஒரு மனு போட்டு, 'பரிசீலி' உத்தரவு வாங்கி உயிர்ப்பிக்க முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீல் 80 நோட்டீஸ் விடணும், ரெண்டு மாசம் ஆகும்ங்கிறார். இழுத்தடிக்கிறாரா?

இல்லை. அரசின் மீது சிவில் வழக்குப் போடுவதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். யார் கேட்கிறார், எதற்காக, என்ன பரிகாரம் என்று அதில் இருக்க வேண்டும். உடனடி நிவாரணம் தேவைப்பட்டால் கோர்ட் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் போடலாம். காத்திருக்கும் இரண்டு மாதம் காலக்கெடுக் கணக்கில் சேராது. ரிட் மனுவுக்கு இந்த நோட்டீஸ் தேவையில்லை.

கால்வா ஓரத்து வீடுங்க எங்களுது. இடிக்கப் போறோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஸ்டே கிடைக்குமா?

முதல் வேலை, ஒட்டிய நோட்டீஸை நாலு பக்கமும் தெரியும்படி போட்டோ எடுப்பது. எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில், எந்த அதிகாரி கையெழுத்தில், எத்தனை நாள் அவகாசத்தில் வந்திருக்கிறது என்று பாருங்கள். அரசுப் புறம்போக்கில் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, பதிலைப் பரிசீலித்து, பிறகுதான் வெளியேற்றும் உத்தரவு போட முடியும். மேல்முறையீடும் உண்டு. இதில் எந்தப் படியைத் தாண்டியிருந்தாலும் இடைக்காலத் தடைக்கு வலுவான காரணம் கிடைக்கிறது. பதில் தருவதற்கான நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பலரும் காட்டுகிறார்கள். 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா கரையில் இருக்கிறவர்கள் இதை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். உங்களுக்கு உதவுவது 1985-இல் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கு அது; சேலத்திலிருந்து பிழைக்கப் போனவரும் அதில் மனுதாரர். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும், கேட்காமல் வெளியேற்றக் கூடாது என்று அதில் சொன்னார்கள். அதே தீர்ப்பு வெளியேற்றவே கூடாது என்று சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடியும் வரை தள்ளிப்போட்டது. ஏற்கெனவே கணக்கெடுப்பு அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னது.

அதனால் 'இடிக்கவே கூடாது' என்று மட்டும் கேட்காதீர்கள். மறுவாழ்வு கொடுத்த பிறகே அகற்ற வேண்டும், கணக்கெடுப்பில் விடுபட்ட குடும்பங்களைச் சேர்க்க வேண்டும், பள்ளி ஆண்டு நடுவில் அனுப்பக் கூடாது, கடலை நம்பிப் பிழைக்கிறவர்களை நகரத்தின் தெற்கு ஓரத்துக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே வீடு தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முழுத் தடை கிடைக்காத வழக்கிலும் இவற்றில் சிலவாவது கிடைக்கும். 1971-ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதிச் சட்டத்தில் உங்கள் பகுதி அறிவிக்கப்பட்டதா என்று தகவல் உரிமையில் கேட்டு வையுங்கள். ஒரு பிள்ளையின் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் வீட்டைப் பெயர்த்து எடுப்பதை எந்த வளர்ச்சியாலும் நியாயப்படுத்த முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அதை நீதிபதி முன் சொல்லத் தயங்காதீர்கள்.

பட்டா இல்ல. ஆனா எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கோம். நாப்பது அம்பது வருஷம் ஆச்சுன்னா நிலம் நம்மளுதுதானே?

தானாக ஆகாது. பிறர் நிலத்தை நீண்ட நாள் அனுபவித்ததை வைத்து உரிமை கேட்பதற்கு எதிரிடை அனுபவம் என்று பெயர்; அரசு நிலத்தில் அதைக் கோர 30 ஆண்டு தேவை. அதுவும் உரிமையாளர் போல வெளிப்படையாக, தொடர்ச்சியாக அனுபவித்ததை சிவில் வழக்கில் நிரூபிக்க வேண்டும். பொதுச்சொத்து என்பதால் கோர்ட் மிகக் கண்டிப்பாகப் பார்க்கும். நீர்நிலைப் புறம்போக்கில் நம்பிக்கை வைக்க வேண்டாம். பழைய ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வரி ரசீது எல்லாம் நில உரிமையைத் தராவிட்டாலும், நீண்ட நாள் குடியிருப்பைக் காட்டி மறுவாழ்வு கேட்பதற்கு மிகவும் பயன்படும்.

எண்ணூர்ல எண்ணெய் கலந்து வலையெல்லாம் வீணாச்சு. ஒரு தடவை வாயு கசிஞ்சு ராத்திரி தெருவுல நின்னோம். இதுக்கு எங்க போறது?

தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது. தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் பரவியதையும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்ததையும் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதை எதிர்த்து மீனவர் ஒருவர் 2016-இல் தொடுத்த வழக்கில் 2022-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியதும் தமிழ்நாட்டு வழக்குதான்: வேலூர் பக்கத்துத் தோல் ஆலைகள் பற்றிய 1996 தீர்ப்பு.

காலக்கெடுவைக் கவனியுங்கள். மாசை நிறுத்தக் கேட்பது என்றால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம். இழப்பீடும் சீரமைப்பும் கேட்பது என்றால் ஐந்து ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் இரண்டுக்கும் மேலே 60 நாள் தரலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் கட்ட வேண்டாம்.

'மீன்பிடித் தொழில் பாதித்தது' என்று பொதுவாக எழுதினால் தொகை கிடைக்காது. படகுப் பதிவு, மீனவர் கூட்டுறவுச் சங்கப் புத்தகம், ஏலக்காரரிடம் வாங்கிய சீட்டு, கடலுக்குப் போகாத நாள்களின் கணக்கு, வீணான வலையின் போட்டோ வேண்டும். நண்டு பிடிக்கிற, கையால் இறால் தடவுகிற பெண்களுக்குப் படகும் இல்லை, பதிவும் இல்லை. கணக்கெடுப்பில் முதலில் விடுபடுவது அவர்கள்தான். அவர்கள் பெயரில் தனியாகவே பிரமாணப் பத்திரம் போடுங்கள்.

குழாய்ல சாக்கடைத் தண்ணி கலந்து வருது. இதுக்கெல்லாம் ஐகோர்ட் போகணுமா?

அவசியம் இல்லை. குடிநீர், துப்புரவு, மின்சாரம், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. கோர்ட் கட்டணம் இல்லை. சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். ஏற்கெனவே வேறு கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே வர முடியாது.

பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவரிடம் (நடுவர் அதிகாரம் உள்ள அரசு அதிகாரியிடம்) கேட்கும் வழியும் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரத்து மக்கள் சாக்கடை நாற்றத்துக்கு இப்படித்தான் போனார்கள். நகராட்சி 'பணம் இல்லை' என்றது. அது ஒரு காரணமே ஆகாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கத்திலும் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று பதில் வந்தால் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுங்கள்.

மழைத் தண்ணியில கரண்ட் பாஞ்சு என் வீட்டுக்காரர் போயிட்டார். ஐகோர்ட்லயே நஷ்டஈடு கேட்கலாமா அண்ணா?

கேட்கலாம் அம்மா. அரசின் தவறால் உயிர் போனால் ரிட் வழக்கிலேயே இழப்பீடு தரலாம் என்பதை 1983 ருதுல் ஷா, 1993 நீலபதி பெஹெரா தீர்ப்புகள் நிலைநிறுத்தின. மின்சாரம் போன்ற ஆபத்தான பொருளைக் கையாளுகிறவர், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 'எங்கள் கம்பியே இல்லை, அவர் திருட்டு இணைப்பு போட்டார்' என்று மின்வாரியம் மறுத்தால், உண்மைச் சண்டை என்று சொல்லி சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாடு மின்வாரியம் சம்பந்தப்பட்ட 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பே இதைச் சொல்கிறது. அந்த சிவில் வழக்குக்கு இறப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் அவகாசம். ரிட் நிலுவையில் இருக்கிறது என்று அதைக் கைநழுவ விடக் கூடாது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மின் ஆய்வாளர் அறிக்கை மூன்றையும் வாங்கி வையுங்கள்.

சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு இழப்பீடு 2014 தீர்ப்பில் 10 லட்சம். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தினார்கள். இறக்கியது ஒப்பந்ததாரர்தான் என்று சொல்லி அரசு ஒதுங்க முடியாது. ரயிலிலிருந்து விழுந்து இறந்தால் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம், ஓராண்டுக்குள்.

பையனை குண்டாஸ்ல போட்டுட்டாங்க. அம்மா நான் கேஸ் போடலாமா? ஜாமீன் கேட்கணுமா?

குண்டர் தடுப்புச் சட்டம் என்பது 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். அதில் ஜாமீன் கிடையாது. தடுப்புக் காவல் உத்தரவு 12 மாதம் வரை நீடிக்கலாம். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் வழி. மேலே சொன்னபடி தாயாக நீங்களே போடலாம்.

உத்தரவோடு கையில் கொடுத்த ஆவணப் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் வக்கீலிடம் காட்டுங்கள். ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தராதது, படிக்க முடியாத நகல், நீங்கள் அரசுக்கு அனுப்பிய மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்தது, இப்படிப்பட்ட காரணங்களுக்காகவே பல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. அதனால் உள்ளே போனவுடன் அரசுக்கு ஒரு மனு அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்ல. நானே பேசலாமா?

பேசலாம்; ஆனால் முதலில் இலவச சட்ட உதவியைக் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் அல்லது ஆலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் வக்கீல் தர வேண்டும். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது; நாடு முழுவதற்குமான சட்ட உதவித் தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்று பலர் பயப்படுகிறார்கள். வழக்கு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தேதியை நீங்களும் கவனித்தால் அந்தப் பயம் வேண்டாம். திருப்தி இல்லையென்றால் வேறு வக்கீலை மாற்றித் தரும்படி குழுவிடமே எழுதிக் கேட்கலாம்.

ஆர்டர் வாங்கிட்டோம். ஆனா ஆபீசர் அசையவே இல்ல.

உத்தரவின் சான்றளித்த நகலை ஸ்பீடு போஸ்ட்டில் அவருக்கு அனுப்பி, கெடு முடியும் வரை காத்திருங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு. தவறு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் நோட்டீஸ் போனதுமே கோப்பு நகரத் தொடங்கும்.

'மேல்முறையீடு செய்திருக்கிறோம்' என்று அதிகாரி சொன்னால், தடை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். மேல்முறையீடு போட்டால் மட்டும் உத்தரவு நின்றுவிடாது. அவமதிப்பு வழக்கில் புதிதாக எதையும் கேட்டு வாங்க முடியாது என்பதால், முதல் உத்தரவில் அதிகாரி பதவியும் கெடுவும் தெளிவாக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

தோத்துட்டோம். இன்னொரு ஆள் பேர்ல திரும்பப் போடலாமா?

அதே விஷயத்தை அதே காரணத்தோடு ஆள் மாற்றிப் போடுவது ஆபத்து. கண்டுபிடித்தால் செலவுத் தொகையோடு தள்ளுபடி செய்வார்கள். அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். தனி நீதிபதி தீர்ப்பு என்றால் 30 நாளுக்குள் இரண்டு நீதிபதி அமர்வில் ரிட் மேல்முறையீடு செய்யலாம். பசுமைத் தீர்ப்பாயத் தீர்ப்பு என்றால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

எதற்காகத் தோற்றோம் என்று தீர்ப்பைப் படியுங்கள். 'சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம்' என்றோ 'மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்' என்றோ எழுதியிருந்தால், உங்கள் உரிமை போகவில்லை; இடம்தான் மாறுகிறது. ரிட்டில் கழிந்த நாள்களைக் காலக்கெடுவிலிருந்து கழிக்கும்படி அங்கே கேட்கலாம்.

நாங்க அத்திப்பட்டு. திருவள்ளூர் மாவட்டம். மெட்ராஸ் ஐகோர்ட்ல போடலாமா?

போடலாம். சென்னை, திருவள்ளூர் இரண்டுமே பாரிமுனையில் உள்ள முதன்மை அமர்வுக்குத்தான் வரும். சிவில் வழக்கு மட்டும் உங்கள் பகுதிக்குரிய நீதிமன்றத்தில். அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் என்றால் பொன்னேரி. திருவொற்றியூர் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. பழைய ஆவணங்களில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். எதிர்மனுதாரராக இப்போது பொறுப்பில் உள்ள சென்னை ஆட்சியரைக் காட்டுங்கள். முடிவெடுத்த அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் பாதிப்பு இங்கே நடந்திருந்தால் இந்த உயர் நீதிமன்றத்திலேயே கேட்கலாம்.